உட்கார்ந்திருந்தால் சம்மதம்

மீஞ்சூர்க் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை, கருத்துக் கேட்புக் கூட்டம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கலாமா கூடாதா என்று மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். கேட்கிறார்களே, அதுவே பெரிய விஷயம்! மணமக்கள் உட்காரும் மேடையில் வெள்ளைத் திரை கட்டி வரைபடம் காட்டினார்கள். ஏரிக்கு நீலம், வயலுக்குப் பச்சை, கம்பெனி வரப்போகும் இடத்துக்கு ஊதா.

சிப்பிமேட்டுக் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். குப்பத்துத் தலைவர் நாகமுத்து முன்வரிசையில் இருந்தார். அவர் மனைவி குப்பாயி கடைசி வரிசையில், தூண் ஓரமாக. விடியற்காலையில் ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு அப்படியே வேன் ஏறியவள். விரல் நுனிகள் இன்னும் சுருங்கித்தான் இருந்தன. தலைக்கு மேல் ஏசி வேறு. கேட்கவா வேண்டும், கண் சொக்கியது.

ஊதா பூசியிருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் இறால் தடவுகிற பள்ளம் அது. பார்க்கப் பார்க்க ஊதா கலங்கியது. திரையின் அடிப்பக்கம் நனைந்து, மேடைப் படிகளில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி வந்தது. நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. பங்குனி மாதத்து ஏரித் தண்ணீர், வெதுவெதுவென்று இருந்தது. யாரும் அசையவில்லை. அதிகாரிகளின் மேசைக்கடியில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்தன. ஒன்று மைக் ஒயரை அலகால் ஒதுக்கிவிட்டு நிதானமாக நடந்து போனது. குப்பாயி குனிந்து கையை விட்டாள். விரலிடுக்கில் இறால் துள்ளியது. ஆகா, என்ன சுகம்! வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம் அந்த ஊதா, எண்ணெய்ப் படலம் போல மேலே மிதந்து வந்தது. கையால் விலக்கினாள். விலகவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. இந்தத் தண்ணீர் போனால் எங்கே போய் நிற்பேன் என்று விரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தாள்.

மேடையில் இருந்த அதிகாரி நர்மதா, “யாருக்காவது ஆட்சேபணை இருந்தா மைக்ல வந்து சொல்லலாம்” என்று அறிவித்திருந்தார். அதைக் கேட்டதும் நாகமுத்து எழுந்தார். துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டார். திரும்பிப் பாராமல் வெளியே நடந்தார். குப்பமே அவர் பின்னால் போனது.

சிப்பிமேட்டு வழக்கம் அப்படி. ‘வேணாம்’ என்பதை அங்கே வாயால் சொல்வதில்லை. ஒரே தண்ணீரில் உரசிக்கொண்டு பிழைக்கிறவர்கள், சொன்ன சொல் காலமெல்லாம் குத்தும் என்று எந்தப் புண்ணியவானோ கட்டி வைத்த முறை. ஊர்க்கூட்டத்தில் பிடிக்காதவர் துண்டை உதறி எழுந்து போவார். பெண்கள் முந்தானையை உதறுவார்கள். உட்கார்ந்திருந்தால் சம்மதம். எழுந்து போனவர் அந்தக் கூட்டத்துக்குத் திரும்பி வந்தால் மானக்கேடு. ஊருக்குள் எல்லாம் சரிதான். மீஞ்சூருக்கு வந்த அதிகாரிக்கு இது எந்தக் காலத்தில் தெரியும்? இந்த நாகமுத்துவுக்குத்தான் புத்தி எங்கே போயிற்று?

நர்மதா காலி நாற்காலிகளைப் பார்த்தார். பக்கத்தில் கணினியோடு இருந்த ரகுவிடம், “ஆட்சேபணை எதுவும் இல்லைன்னு போட்டுக்குங்க” என்றார்.

குப்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து நாகமுத்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். தலைவர் பெண்டாட்டி சம்மதம் என்று உட்கார்ந்திருக்கிறாளே! இப்போதே ஓடினால் வீட்டில் பேர் கெடாது. ஏரி போய்விடும்.

மேடையை நோக்கி நடந்தாள். தண்ணீருக்குள் நடப்பது போலக் கால் மெதுவாகத்தான் வந்தது.

“மேடம், அப்டி எழுதாதீங்க.”

“பேரு சொல்லுங்கம்மா.”

“குப்பாயி. சிப்பிமேட்டுக் குப்பம்.” மைக்கில் தன் குரலைக் கேட்டு அவளே பயந்துபோனாள். “அந்த ஊதா கலர்ல தான் நான் தெனம் நிக்கிறேன். தண்ணி இதுவரிக்கும் வரும்.” மார்பில் கை வைத்துக் காட்டினாள். “வேணாம் மேடம். வேணவே வேணாம். எந்திரிச்சுப் போனாங்களே, அவங்க சொன்னதும் அதே தான்.”

நர்மதா சிரிக்கவில்லை. “எந்திரிச்சுப் போனதை எப்படிம்மா எழுதறது? அவங்கவங்க வந்து சொல்லணும். இப்போதைக்கு உங்க ஒருத்தரோடது தான்.”

குப்பாயி வெளியே ஓடினாள்.

“மானத்த வாங்கிட்டியேடி!” என்று சீறினார் நாகமுத்து. “குந்திக்கினு கீறியே, ஒத்துக்கினியா இன்னா?”

“நீ வந்ததும், யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுதச் சொல்லிட்டாங்கய்யா. நான் ஒருத்தி தான் வேணாம்னு சொல்லிட்டு வந்துகிறேன். உள்ள வா.”

“எந்திரிச்சு வந்தவன் திரும்பப் போவானா?”

“வழக்கம் ஊருக்குள்ள இருக்கட்டும். தண்ணியே இல்லன்னா ஊரு ஏதுய்யா?” என்றவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மண்டப வாசல் என்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

நாகமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

மைக் முன்னால் போய் நின்றார். ஊதா வெளிச்சம் அவர் நெற்றியில் விழுந்தது. தலை நரைக்கும் வரை முதுகைக் காட்டியே மறுத்துப் பழகியவருக்கு வாய் வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். நர்மதா காத்திருந்தார். நாகமுத்து திரும்பிக் குப்பாயியைப் பார்த்தார்.

“எம் பொஞ்சாதி இன்னா சொன்னாளோ,” என்றார், “அதான் எனக்கும்.”