மூச்சு விடாத மாமியார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். இந்த மாதிரி விஷயங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்வது நம்மவர் வழக்கம். நடந்தது தில்லி என்பதால் யமுனைத் தண்ணீரை ஏந்த வேண்டியிருக்கிறது. நிஜாமுத்தீன் பாலத்துக்கு அடியில் இறங்கி அந்தத் தண்ணீரைத் தொடுகிறவன் ஒரு பொய்க்காகத் தொடமாட்டான் என்பது தில்லியில் ஒரு மாதம் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

விசாலாக்ஷி கும்பகோணத்திலிருந்து மயூர் விஹாருக்கு வந்து இறங்கியது, வீட்டுக்கு வீடு மாமியார் சீரியல் ஓடிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், தீபாவளி கழிந்த கையோடு. பிள்ளை ஸ்ரீதருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். மருமகள் சிந்து லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்திருப்பது இதுதான் முதல் தடவை. மாமியாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ரிடையர்டு டீச்சர், முட்டி வலி, காபியில் சர்க்கரை கூடாது என்கிற அளவுதான்.

தில்லி மண்ணை மிதித்த நாளிலிருந்து விசாலாக்ஷி ஹிந்தியில் ஒரு வார்த்தை உதிர்க்கவில்லை. காய்கறி வண்டிக்காரனிடம் சுத்தமான கும்பகோணத்துத் தமிழில் பேரம் பேசினாள். அவன் ஹிந்தியில் கெஞ்சினான். கடைசியில் அவன்தான் தமிழ் கற்றுக்கொண்டான். "கட்டாது மாமி" என்று அவன் கூவுவதை மயூர் விஹாரில் இன்றைக்கும் கேட்கலாம்.

ஒருநாள் சிந்து சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சாஸ்" என்றாள், சிரித்தாள், மறுபடியும் "சாஸ்" என்றாள். விசாலாக்ஷி பிள்ளையிடம் போனாள்.

"ஸ்ரீதர், சாஸ்னா என்னடா?"

ஸ்ரீதர் பேப்பரை இறக்கி அம்மாவை ஒரு மாதிரி பார்த்தான். "ஏம்மா, உனக்கா நான்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மாமியார்" என்றான், மென்று விழுங்கி.

"சரி. நீ பேப்பரைப் படி."

அதே வாரம் ஃபிரிட்ஜ் கதவில், பூசணிக்காய் காந்தத்துக்கு அடியில், ஒரு ரயில் டிக்கெட் தொங்கியது. டிசம்பர் கடைசி. ஒரு ஆள். ஊர் திரும்ப.

"யாரைக் கேட்டு எடுத்தேள்?"

"அம்மா, அப்புறம் ரிசர்வேஷன் கிடைக்காது, இல்லியா? அந்தச் சின்ன ரூம்ல கம்ப்யூட்டர் வேற போடணும். அதான் ஜல்தியா எடுத்தாச்சு" என்றாள் சிந்து. அவள் கெட்டவள் இல்லை. கம்ப்யூட்டருக்கு இடம் வேண்டும், மாமியாருக்கு ஊரில் இடம் இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான் அவளுக்கு.

"நான் எப்போ வரணும்னு நீங்க சொன்னேள், வந்தேன். எப்போ போகணும்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள் விசாலாக்ஷி.

வீட்டில் சத்தம் வேண்டாமென்று சிந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "அம்மா, மார்னிங்ல உங்களுக்கு போர் அடிக்கும். யோகா போங்கோளேன். முட்டிக்கு ரொம்ப அச்சா."

இப்படித்தான் விசாலாக்ஷி ஒன்பது கஜப் புடவைக்கு மேல் ஸ்ரீதரின் பழைய ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், தலையில் குரங்குக் குல்லாயோடு பக்கத்துப் பூங்காவுக்குப் போனாள். பனிமூட்டத்தில் பூங்காவின் எதிர்க்கோடி தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பட்நாகர்ஜி, பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடுமையான ஜலதோஷம்.

"சாஸ் அந்தர் லோ" என்றார். எல்லாரும் உள்ளே இழுத்தார்கள். "சாஸ் ரோகோ." எல்லாரும் நிறுத்தினார்கள். "சாஸ் பாஹர் சோடோ." எல்லாரும் ஆனந்தமாக வெளியே விட்டார்கள். விடும்போது அந்தப் பெண்களின் முகத்தில் வந்த நிம்மதியை விசாலாக்ஷி கவனித்தாள்.

பக்கத்துப் பாயில் சுந்தரவல்லி. திருநெல்வேலிக்காரி, இருபது வருஷமாகத் தில்லிவாசி.

"என்னடியம்மா சொல்றார் அவர்?"

"மூச்சை உள்ள இழுங்க, நிறுத்துங்க, வெளிய விடுங்கன்னு சொல்லுதாரு மாமி."

"சாஸை வெளியே விடுன்னுன்னா சொல்றார்? சாஸ்னா மாமியார்தானே?"

"ஐயய்யோ, அது வேற மாமி. மூச்சுன்னா மூக்கால சொல்லணும். சாங்ஸ். மூக்கு வராட்டா மாமியாரு."

"அவருக்குத்தான் மூக்கே அடைச்சிருக்கே. மூக்கு எங்கே வந்தது?"

சுந்தரவல்லி யோசித்துப் பார்த்தாள். வரவில்லைதான்.

"என் காதுல என்ன விழுந்ததோ அதுதான் எனக்கு" என்றாள் விசாலாக்ஷி. "மாமியாரை உள்ளே எடுத்துக்கோன்னார், சரி. நிறுத்தி வைன்னார், ரொம்ப சரி. வெளியே விடுன்னா விடறதுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லு."

சொல்லிவிட்டு ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தாள். பட்நாகர்ஜி "சோடோ" என்றார். விடவில்லை. "சோடியே மாதாஜி" என்று மரியாதையாகவும் சொல்லிப் பார்த்தார். ஊஹூம். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பால் பூத்தில் கியூ நின்று, கலைந்து, பூத்தையும் மூடினார்கள். விசாலாக்ஷி அந்த மூச்சை அப்படியே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தி, ஹாலுக்கு நடுவில் நின்று, அங்கேதான் அதை விட்டாள். ஜன்னல் திரை நாலும் கூரையைத் தொட்டன. சிந்து புயல் என்று நினைத்து மொட்டைமாடித் துணியை எடுக்க ஓடினாள்.

"மாமியார் உள்ளே" என்றாள் விசாலாக்ஷி, பொதுவாக.

பட்நாகர்ஜி மறுநாள் சுந்தரவல்லி மூலம் சொல்லி அனுப்பினார்: மாதாஜி வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது, அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று.

அடுத்த இடம் லக்ஷ்மி நகரில், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் மாடி. மாஸ்டர் இருபத்தைந்து வயதுப் பையன், பனியனோடு. இவன் மூச்சை இழுக்கவே சொல்லவில்லை. விடுவது மட்டும்தான். வயிற்றைக் குத்திக் குத்தி, "சோடோ, சோடோ, சோடோ" என்று ரயில் வேகத்தில். கீழே ஜிலேபி பிழிகிறவனும் அந்தத் தாளத்துக்குத்தான் பிழிவான்.

நிமிஷத்துக்கு அறுபது தடவை வெளியே போ என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? விசாலாக்ஷி அதே தாளத்தில் பதில் சொன்னாள்: "மாட்டேன், மாட்டேன், மாட்டேன்."

முன்வரிசையில் இருந்த பஞ்சாபிப் பெண்மணி இதை ஏதோ தென்னாட்டு மந்திரம் என்று எடுத்துக்கொண்டாள். அவளும் "மாட்டேன், மாட்டேன்" என்றாள். இரண்டாவது வரிசை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் மாடி முழுவதும் நாற்பது குரலில் "மாட்டேன்" அதிர்ந்தது. அந்தப் பெண்மணி வீட்டுக்குப் போயும் சொல்லிப் பார்த்தாளாம். கணவர் டீ கேட்டபோது, நாத்தனார் நெக்லஸ் கேட்டபோது. உடம்பும் மனசும் லேசாகிவிட்டது என்று சாட்சி சொன்னாள். வாரக் கடைசிக்குள் மிட்டாய்க் கடை வாசலில் 'மாட்டேன் பிராணாயாமம், தென்னாட்டு ரகசியம்' என்று போர்டு தொங்கியது. மருமகள்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். அடுத்த வாரமே அவர்களுடைய மாமனார்கள் கும்பலாக வந்து மாஸ்டரைப் பார்க்க, அவன் வகுப்பையே மூடிவிட்டான்.

மூன்றாவது டிஃபென்ஸ் காலனி. ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசனை மெழுகுவர்த்தி. அங்கே இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று சிந்துவே ஆட்டோ வைத்து அனுப்பினாள். "இங்கிலீஷ்ல சாஸ் வராது அம்மா, டோண்ட் வொரி."

வரவில்லைதான். கடைசியில் எல்லாரையும் படுக்கப்போட்டு, விளக்கைக் குறைத்து, சொல்லிக்கொடுத்த அம்மாள் தேன் குரலில் ஆரம்பித்தாள். வாழ்க்கையில் எது பழசாகிவிட்டதோ, எது பாரமாக இருக்கிறதோ, எதனால் இனிமேல் உபயோகமில்லையோ, அதையெல்லாம் மூச்சோடு வெளியே விட்டுவிடுங்கள் என்றாள்.

விசாலாக்ஷி படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். அத்தனை பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு புன்னகையோடு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். மெழுகுவர்த்தியை அணைத்தாள். ஊதி அணைக்கவில்லை, ஊதினால் மூச்சு வெளியே போய்விடும். விரலால் நசுக்கி அணைத்தாள். பிறகு தமிழில், எல்லாருக்கும் புரியும்படி, ஆனால் மூச்சு சிந்தாமல், "பழசு யாருடி?" என்று கேட்டுவிட்டு, சேமித்து வைத்த மூச்சோடு வீடு வந்து சேர்ந்தாள்.

"மாமியார் உள்ளே."

ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லோதி ரோடில் ஒரு பெரிய மண்டபத்தில் சுவாமிஜி ஒருவரின் முகாம். மாட்டேன் மாதாஜி என்று விசாலாக்ஷியின் பெயர் அதற்குள் யமுனையைத் தாண்டிவிட்டதால் முன்வரிசையில் ஜமக்காளம் போட்டு வைத்திருந்தார்கள். இந்தத் தடவை ஸ்ரீதரும் சிந்துவும் கூடவே வந்தார்கள். போகிற வழியில் பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டுமென்று சிந்து டிக்கெட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பூட்டுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

சுவாமிஜி மைக்கில் "ரோகோ" என்றார். விசாலாக்ஷி நிறுத்தினாள். "சோடோ" என்றார். மண்டபம் விட்டது. விசாலாக்ஷி விடவில்லை.

கொஞ்ச நேரம் அவர் பொறுத்துப் பார்த்தார். அதற்குள் விசாலாக்ஷி ஜமக்காளத்தை விட்டுச் சாண் உயரம் கிளம்பிவிட்டாள். நம்பாதவர்களுக்கு ஒரு விவரம்: அவளுக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவே ஒரு பூனை புகுந்து போனது. கறுப்பு வெள்ளைப் பூனை, இடது காதில் ஒரு வெட்டு. காது வெட்டு வரைக்கும் சொல்லும்போது பொய்யாக இருக்க முடியுமா?

"சோடியே மாதாஜி!" சுவாமிஜி கைகூப்பிக் கெஞ்சினார். மண்டபமே எழுந்து நின்று, "சோடோ! சோடோ!" என்று கத்தியது. அத்தனை பேரும் ஒரே குரலில் வெளியே போகச் சொன்னது விசாலாக்ஷியை இன்னும் நாலு அங்குலம் உயர்த்தியது.

சிந்து அழ ஆரம்பித்தாள். "அம்மா, விட்டுடுங்கோ அம்மா! ப்ளீஸ்! உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போறது!"

விசாலாக்ஷி உதட்டைப் பிரிக்காமல் விரலை நீட்டினாள். முதலில் சிந்துவை. அப்புறம் அவள் கைப்பையை. அப்புறம் மைக்கை.

ஸ்ரீதருக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் ஒப்பித்தல் போட்டிக்கு அனுப்பும்போதும் அம்மா இப்படித்தான் விரலை நீட்டுவாள். "சிந்து, நீதான் சொல்லணும். சாஸை விடமாட்டேன்னு. மைக்ல."

"ஹிந்தியிலயா?"

"இத்தனை பேருக்கும் புரியணும்ல?"

சிந்து தடுமாறி மேடை ஏறினாள். அழுது அழுது மூக்கு முழுசாக அடைத்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் அதிர, "மை சாஸ் நஹீ சோடூங்கி!" என்றாள்.

மூக்கு துளிகூட வரவில்லை. மூச்சை அல்ல, மாமியாரைத்தான் விடமாட்டேன் என்று ஆயிரம் பேர் காதில் சந்தேகமில்லாமல் விழுந்தது. கூட்டத்தில் இருந்த மாமியார்கள் கை தட்டினார்கள். விசாலாக்ஷி, உச்சரிப்பு சரி என்பது போல ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு, கீழே இறங்கி உட்கார்ந்து, மூச்சை விட்டாள்.

மின்விசிறிகள் நின்று, யோசித்து, எதிர்ப்பக்கம் சுற்றின. சுவாமிஜியின் காவித் துண்டு மூன்றாவது வரிசையில் ஒரு அண்டர் செக்ரட்டரியின் தோளில் போய் விழுந்தது. அவர் அன்றே ராஜினாமா கொடுத்துவிட்டு ரிஷிகேசம் போனார். சிந்துவின் கைப்பை வாயைப் பிளந்தது. டிக்கெட் கிளம்பி, ஜன்னல் வழியாக, லோதி தோட்டத்துக் கும்மட்டங்களைத் தாண்டி சஃப்தர்ஜங் பக்கம் பறந்தது. அதை எட்டிப் பிடிக்க யாரும் முயலவில்லை. சிந்துவும்தான்.

வீடு திரும்பி, கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நிறுத்தினார்கள். சிந்து சர்க்கரை போடாத காபியை நீட்டினாள்.

"அம்மா, சண்டைக்குக் கேக்கலை. நீங்க எப்போ ஊருக்குப் போகணும்?"

"எனக்கு எப்போ தோணறதோ அப்போ."

"அச்சா" என்றாள் சிந்து. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு நானும் பார்க்குக்கு வரேனே?" என்றாள்.

"வா. ஆனா அந்த பட்நாகர் சோடோன்னா விடப்படாது."

"மாட்டேன்" என்றாள் சிந்து. தாளம் சரியாக இருந்தது.

அவள் உள்ளே போனதும் ஸ்ரீதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அம்மா, இனிமே என்னால அடக்க முடியாது. இப்பவாவது அவகிட்ட சொல்லிடட்டுமா?"

"மூச்சு விடாதே" என்றாள் விசாலாக்ஷி.

விசாலாக்ஷி கும்பகோணத்தில் முப்பது வருஷம் ஹிந்தி டீச்சர்.