ஜன்னலோரக் கறை

மரத்தரை தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து கூடத்தின் நடுவில் இறக்கும்போதே கணவன் முகத்தில் பாதி ஜெயித்த களை வந்துவிட்டது.

"ஆளைக் கூப்பிடலாம்னு சொன்னேனே," என்றாள் அவள்.

"இதுக்கு எதுக்கு ஆளு? தேய்ச்சு வார்னிஷ் அடிச்சா முடிஞ்சது."

"இல்லைங்க. வாசல்ல தரை ஓரத்தை மூடியிருக்கற தகட்டைக் கழட்டிப் பாத்தேன். இது முழு மரம் இல்லை. மேல மட்டும்தான் நல்ல மரம், கீழ பிளைவுட். முன்னாடி இருந்தவங்களும் தேய்ச்சிருக்காங்க. இப்ப மிச்சம் இருக்கறது..."

"அக்கா, கேட்டியா? வீட்லயே இன்ஜினியர் இருக்காங்க."

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் சிரித்தாள். "அவளுக்கு எதையும் கழட்டிப் பாத்தாகணும்டா. உன்னையும் ஒருநாள் கழட்டிப் பாத்துடப் போறா."

இருவரும் சிரித்தார்கள். மிச்சமிருப்பது ஒரு நகத்தின் கனம்தான் என்பதை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அவள் முழுங்கிய பாதி வாக்கியங்களோடு அதுவும் போய்ச் சேர்ந்தது.

மெஷின் உறுமியது. பழைய வார்னிஷ் பொடியாய் எழ, அடியிலிருந்து தேன்நிறம் வந்தது. அவன் நன்றாகத்தான் செய்தான். அதுதான் அவளுக்கு எரிந்தது.

ஜன்னலோரம் வந்ததும் நிறுத்தினான். அங்கே அவளுடைய பூந்தொட்டி கசிந்து கசிந்து உண்டான கறுப்பு வளையம். தினமும் காலையில் வெயில் முதலில் விழும் இடம் அது. வீடு விழிக்கும் முன் அவள் வெறுங்காலோடு நிற்பதும் அங்கேதான். இந்த வீட்டில் தனக்கென்று அவள் நினைத்திருந்தது அந்த நாலு பலகையைத்தான்.

"உன் தொட்டி பண்ணின வேலை," என்றான். ஒரு முறை தேய்த்தான். வளையம் மங்கியது. மறுபடி தேய்த்தான். இன்னும் ஒரு நிழல் இருந்தது.

மெஷினை அணைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "இன்னொரு தடவை ஓட்டினா சுத்தமாப் போயிடும். என்ன சொல்ற?"

அவன் அவளிடம் அபிப்பிராயம் கேட்டு எத்தனையோ காலமாகிறது. ஒரு கணம் அவளுக்குள் ஏதோ இளகப் பார்த்தது. வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அவள் காதில் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"ஓட்டுங்க," என்றாள்.

மெஷின் ஓடியது. கறை போயிற்று. அதோடு மரமும் போயிற்று. குறுக்கே ஓடும் வேறு ரேகை, பழுப்புப் பசைத் திட்டுகள். உள்ளங்கை அகலத்துக்குப் பிளைவுட் பல்லைக் காட்டியது.

"என்னடா இது, உள்ள வேற மரமா?" என்றாள் நாத்தனார்.

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சேதான் ஓட்டச் சொன்னியா?"

"கேட்டீங்க. சொன்னேன்."

"இதுக்கு நீ ஒரு கடப்பாரையாலயே இடிச்சிருக்கலாம்."

"மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. மிச்சத்தையாவது தெரிஞ்சவங்க பாக்கட்டும்."

அவன் மெஷினை வாசல்வரை தரதரவென்று இழுத்துப் போனான். நாத்தனார் எழுந்து உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் தனியாக நின்ற அவள் ஜன்னலோரம் போய்ச் செருப்பைக் கழற்றினாள். காலடியில் சொரசொரப்பு. தரை வேலை தெரிந்த யார் வந்தாலும் பலகையை மாற்றத்தான் சொல்வார்கள். ஜெயித்தது போலவே இல்லை. ஆனாலும், அவன் இன்னொரு முறை கேட்டிருந்தால் இன்னொரு முறையும் அதையேதான் சொல்லியிருப்பாள்.