தாலாட்டு அலமாரியில் ஏழு எல்லைக்கல்

காப்பகத்தில் ஒலிநாடாக்களுக்குப் பட்டியல் போடுபவளை எல்லோரும் பட்டியலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு உலகத்து நாடா எல்லாம் மூன்றே வகை. வேகமாகப் பேசினால் அரசியல், கும்பலாகச் சத்தம் போட்டால் சடங்கு, ஒருத்தி இழுத்து இழுத்துப் பாடினால் தாலாட்டு. மொழி தெரியாத இடத்தில் வேறு எப்படித்தான் பிரிப்பதாம்? இருபத்தாறு வருஷமாக ஏனென்று கேட்க நாதியில்லை.

கேட்க ஒருத்தி வந்தாள். மூன்று பஸ் மாறி வந்த மலைக்காரம்மா. கையில் மங்கிப்போன ரசீது. அவளுடைய அம்மா பேசிக் கொடுத்த நாடாவாம். மலை ஜனத்துக்கும் தோட்டக் கம்பெனிக்கும் எல்லை பேசி முடித்த ஒப்பந்தம். அவர்கள் மொழிக்கு எழுத்து கிடையாது. ஒரு சொல்லும் விழுந்துவிடக் கூடாதென்று ஒப்பந்தத்தை ராகம் போட்டுத்தான் சொல்வார்கள். வியாழக்கிழமை நில விசாரணை. அம்மா போன பிறகு அதை முழுசாகச் சொல்ல ஊரில் ஆளில்லை; நாடா இல்லையென்றால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அரசியல் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. ரசீது எண்ணைப் பார்த்தால் தாலாட்டு அலமாரி, பன்னிரண்டாவது பெட்டி. வரவேற்பறையில் வருஷக்கணக்காகத் தினமும் ஓடிய நாடா அது. தோட்டக் கம்பெனி முதலாளியே ஒருமுறை நின்று கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். நகல் எடுக்கச் சொன்ன கோப்பு மேசை மேசையாகத் தூங்கியது. போட்டுப் பார்த்தால் உஸ்ஸென்று வெறும் காற்று.

"தேஞ்சு போச்சும்மா," என்றாள்.

மலைக்காரம்மா திட்டவில்லை. ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பட்டியலம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, வேலையில் காதில் விழுந்த இந்தப் பாட்டைத்தான் வீட்டில் பாடித் தூங்கவைப்பாள். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் மலைக்காரம்மா பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ பாடுங்கக்கா. மெதுவா."

"என்ன சொல்லுது?"

"முதக் கல்லு. ஓடைக்கு மேற்கால."

ஏழு கல்லும் வரிசையாக வந்தன.

வியாழக்கிழமை மகள்தான் கார் ஓட்டிக் கூட்டிப்போனாள். இருபத்து நாலு வயசு, வழியெல்லாம் லாரிக்காரர்களோடு சண்டை. விசாரணை அறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பட்டியலம்மா பாட, மலைக்காரம்மா வரி வரியாக அர்த்தம் சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்து, மூன்று நாளில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு இது என்றார். பழைய பாட்டுதான் என்பதற்கு என்ன சாட்சி என்று விசாரணைத் தலைவரும் கேட்டார்.

பட்டியலம்மா கடைசி பெஞ்சைக் காட்டினாள். மகள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சின்னதுலேர்ந்தே அப்படித்தாங்கய்யா. இதக் கேட்டா சாஞ்சிடுவா."

வக்கீல் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவளை எழுப்பாமல், இரண்டாவது கல்லையும் மூன்றாவது கல்லையும் இடம் மாற்றிப் பாடச் சொன்னார். பட்டியலம்மா மாற்றிப் பாடினாள்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் சுளித்தாள்.

"அம்மா, தப்பாப் பாடுற."

வக்கீல் உட்கார்ந்தார். எல்லை ஏழு கல்லின்படியே நிற்கட்டும் என்று தலைவர் முடித்தார். எழுத்தர் கடமை தவறாமல் குறிப்பில் ஏற்றினார்: சாட்சி எண் இரண்டு, மகள், உறங்கும் நிலையில்.