காரைக் குளுமையாக வைக்க ஆறு குறிப்புகள்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. கார் சாமான்கள் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கத்துக்கு, வெயிலில் நிறுத்திய காரைக் குளுமையாக வைத்திருக்கப் பத்துக் குறிப்புகள் கேட்டார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்ததெல்லாம் போன மே மாதம் ஒரே நாளில் ஷேக் தாவூத் என்ற டிரைவர் சொன்னவை. ஆறு குறிப்புகள் எழுதினேன். ஏழாவதுக்கு உட்கார்ந்தபோது, அவர் கார்க் கதவுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது நினைவுக்கு வந்தது. கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

2

முதல் வரியை நான்கு முறை எழுதினேன்.

'வெயில் அன்று கொளுத்தியது.' (மே மாதத்தில் வேறென்ன செய்யும்? அடித்துவிட்டேன்.)

'ஷேக் தாவூதின் கண்களில் ஒரு கனிவு இருந்தது.' (அவர் கண்களை நான் பார்க்கவே இல்லை. பின்சீட்டிலிருந்து தெரிந்தது நரைத்த பிடரியும் ஒரு காதும்தான்.)

'அந்தக் கார் ஒரு...' (பாதியிலேயே விட்டுவிட்டேன்.)

நான்காவது: செங்கல்பட்டிலிருந்து காலை எட்டரைக்குக் கிளம்பினோம். இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

கிளம்பியது நான், என் அக்கா தெய்வநாயகி, அவள் மகள் பிரதீபா. பிரதீபாவுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததால் திருவிடந்தைக் கோயிலுக்குப் போய் மாலை சாத்தி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அப்படியே மாமல்லபுரமும் போவதென்றால் வருகிறேன் என்றாள் பிரதீபா. ஒரு டிராவல்ஸில் கார் பேசினோம். அதன் முதலாளி கேசவன். டிரைவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

3

கோயிலிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது மற்றக் கார்க்காரர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு, எப்போது ஏறலாம் என்று வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் காரில் ஏறி உட்கார முடிந்தது. எப்படி என்று கேட்டாள் பிரதீபா.

"நிழல் இப்ப எங்க கீதுன்னு பாக்கக் கூடாதும்மா. நீங்க திரும்பி வர்றப்ப எங்க இருக்கும்னு பாத்து வுடணும்."

மீதியையும் ஓட்டிக்கொண்டே சொன்னார். முன்கண்ணாடிக்கு உள்பக்கம் மறைப்பு வைப்பது, ஸ்டியரிங் மேல் துண்டு போடுவது, கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பது. ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை விசிறி போலத் திறந்து திறந்து மூடினால் அடைந்திருக்கும் அனல் வெளியே போய்விடும். கிளம்பினதும் இரண்டு நிமிடம் கண்ணாடியைத் திறந்தே வைத்து ஏ.சி. போட வேண்டும்.

நிற்கிறபோதே ஏ.சி. போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் என்ன என்று அக்கா கேட்டாள். வண்டியில் ஒரு கருவி இருக்கிறதாம். நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இன்ஜின் ஓடினால் முதலாளிக்குத் தெரிந்துவிடும், உடனே போன் வரும் என்றார். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

(கட்டுரையில் அந்த ஆறும் இருக்கின்றன. அக்கா கேட்ட கேள்வி இல்லை.)

4

இந்தப் பகுதியில் என்னைக் கொஞ்சம் நல்லவளாக எழுதியிருந்தேன். திருத்தி எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் சாப்பிட்டு முடித்ததும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் என்று பாயிடம் சொல்லிவிட்டுச் சிற்பங்களைப் பார்க்கப் போனோம். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அவர் போனில் கூப்பிட்டார். பத்தே நிமிடம் என்றேன். அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம் ஆயிற்று. காரணம் ஒன்றும் பெரிதில்லை. கடல் காற்று நன்றாக இருந்தது.

பாய் காரை ஒரு பூவரச மரத்தடியில் விட்டிருந்தார். அது சின்ன மரம். நிழல் நகர நகர மூன்று முறை காரையும் நகர்த்தினாராம். எதிரே இளநீர் விற்கும் செல்லம்மா சொன்னாள். நான் பத்து நிமிடம் என்று சொன்னதிலிருந்து கதவை விசிற ஆரம்பித்திருக்கிறார். நாங்கள் வரக் காணோம் என்றதும் நிறுத்தவில்லை. எந்த நிமிடமும் வரலாமில்லையா? நிழல் முழுக்கக் காரின் மேல் விழுந்தது. அவர் வெயிலில் நின்றார்.

"வுட்டுட்டு இப்டி வந்து குந்து பாய்னு நானும் சொன்னேன். அவங்க வந்துகினு கீறாங்கன்னாரு," என்றாள் செல்லம்மா.

நாங்கள் போனபோது அவர் தரையில் கிடந்தார். உடம்பு கொதித்தது. கார் குளுமையாக இருந்தது.

5

அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். பாயைப் பின்சீட்டில் கிடத்தச் சொன்னாள், சட்டையைத் தளர்த்தி, பிரதீபாவின் துப்பட்டாவை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தாள். பிரதீபா இன்ஜினைப் போட்டு ஏ.சி.யைக் கூட்டினாள். சற்று நேரத்தில் பாயின் போன் அடித்தது. கேசவன். நான் எடுத்தேன்.

முதல் பிரதியில் நான் பேசியது: "உங்கள் பெட்ரோலைவிட ஒரு மனிதரின் உயிர் [இப்படியே பதினோரு வரிகள்]."

நான் உண்மையில் பேசியது: "டிரைவருக்கு லேசா மயக்கம் சார். இப்ப ஆஃப் பண்ணிடறோம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் ஆஃப் பண்ணவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று அக்கா சொல்ல, பிரதீபாவே ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஸ்டியரிங்கைத் தொடாதவள். அரசு மருத்துவமனை வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

சாயங்காலம் பாயின் மனைவி சம்சாத் பேகம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எவ்ளோ நேரம்மா நின்னாரு?"

தெரியவில்லை என்றேன்.

6

பாய் பிழைத்துக்கொண்டார். ஓட்டலாம் என்று டாக்டரிடம் சீட்டும் வாங்கிவிட்டார். ஆனால் கேசவன் வண்டியை மோசஸ் என்ற இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். மயங்கி விழுகிற ஆளை நம்பி ஜனங்களை ஏற்ற முடியாது, சீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்கிறாராம். போன வாரம் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"ஓட்டறப்ப வுழல, வெயில்ல நின்னுதான் வுழுந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் மேடம். நேர்ல பாத்தவங்க சொன்னா கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். ஏன் வெயிலில் நின்றார் என்று கேசவன் கேட்பார். அதற்குப் பதில் பாதி அவருடைய கருவி, பாதி நான்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். கேசவன் மனம் இரங்கி வண்டியைத் திருப்பித் தருகிறார். இதை நானே நம்பவில்லை. பாய் வேறு நல்ல வேலைக்குப் போய்விடுகிறார். இது என் நிம்மதிக்காக எழுதியது. நான் பேசவே இல்லை, இந்தக் கதை மட்டும் வெளியாகிறது, நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இதுதான் மளமளவென்று எழுத வந்தது. பயந்து கிழித்துவிட்டேன்.

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் பேசிவிட்டதாகவே எனக்குத் தோன்றிவிடும். கேசவன் பதினொரு மணிக்கு மேல்தான் ஆபீஸில் இருப்பாராம். இப்போது மணி பத்து ஐம்பத்தைந்து. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் பேசியிருக்க வேண்டும். எங்கே என்னைப் பார்த்தாலும், கதையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், பேசினாயா என்று கேளுங்கள்.