அப்பாவின் விலா எலும்பு

அப்பாவுக்கும் தங்கைக்கும் ஒரே எலும்பு. தும்மினால் முறிகிற எலும்பு. அப்பா வழியில் வந்த நோய் அக்காவைத் தாண்டிப்போய்த் தங்கையைப் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அக்காவை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அப்பாவும் தங்கையும் மாவுக்கட்டோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தங்களுக்கு மட்டும் புரிகிற எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா தண்ணீரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். "உனக்கென்னம்மா, நீ கல்லு மாதிரி" என்பார் அப்பா. பாராட்டாகத்தான் சொன்னார்.

மண் வேலை முதலில் அக்காவுடையது. உணவகங்களுக்குத் தட்டும் கிண்ணமும் செய்து கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தாள். அப்பா இறந்த பிறகு, வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாமே என்று தங்கையைச் சக்கர நாற்காலியோடு அங்கே கூட்டிவந்து, கையில் ஓர் உருண்டை வெள்ளை மண்ணையும் கொடுத்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். தங்கை அப்பாவின் விலா எலும்புகளைச் செய்தாள். முறிந்து, கோணலாகக் கூடி, மறுபடி முறிந்த எலும்புகள். பின்னால் விளக்கு வைத்தால் வெளிச்சம் ஊடுருவும், அவ்வளவு மெல்லிசு. ஊரே பார்க்க வந்தது.

அவற்றைச் சூளையில் வெடிக்காமல் சுட்டெடுத்ததும், கண்காட்சிக் கூடத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டியதும் அக்காதான். கை கொஞ்சம் தவறினால் போதும், நொறுங்கிவிடும் என்ற நினைப்பு ஒருமுறை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள்.

திறப்பு நாளில் வயதான பெண் ஒருத்தி அவளிடம் வந்து, நீங்களும் அந்த வீட்டுப் பெண்தானா என்று விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்றாள் அக்கா.

ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பெண் அவள் கையைப் பச்சைப் பிள்ளையை ஏந்துவது போல இரண்டு உள்ளங்கைகளிலும் வாங்கிக்கொண்டாள். அப்படி யாரும் அவளைத் தொட்டதில்லை. கையை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது பக்கத்திலேயே தங்கையின் நாற்காலி நின்றிருந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தங்கை சொன்னாள்: "பட்டறை உன்னோடது. நடக்குற காலும் உன்னோடது. இதையாவது எனக்குன்னு விட்டு வை, அக்கா."

அக்காவுக்கு முகம் எரிந்தது. "அப்பாவையும் நீயேதானே வச்சுக்கிட்ட" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தாள்.

அதன் பிறகு மண்ணை எடு, கதவைச் சாத்து என்பதோடு பேச்சு நின்றது. ஒருநாள் காலையில் தங்கை, அக்காவைக் கையை மேசைமேல் நீட்டச் சொன்னாள். அந்தக் கையை மண்ணில் செய்ய வேண்டுமாம்.

"முறியாத கையைப் பாக்க யாரு வருவா?"

"யாரும் வர வேண்டாம். அப்பா உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருப்பார். என் கையை அவர் ஒருநாளும் பிடிச்சதில்ல."

அக்கா தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். தங்கையின் விரல்கள் மண்ணில் போகிற வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தனக்கு வரவே வராது என்று தெரிந்தது. வயிறு எரிந்தது. கை மரத்துப்போன பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.