சுவக்கீன் கங்காணியின் வெள்ளிக்கிழமை மௌனம்

மனுக்குலத்தின் மேல் ஆண்டவர் வைத்த அன்புக்கு இந்த மலையில் இன்றுவரை யாரும் தக்க பதில் சொன்னதில்லை. 1974ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், சுவக்கீன் கங்காணி அந்தக் குறையைத் தீர்க்கத் துணிந்தார். முந்தின வருடம் சுருட்டை விட்டு மூக்குப்பொடிக்கு மாறியதோடு சரி. இந்த முறை வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததிலிருந்து, ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணி வரை, வாய் திறப்பதில்லை. பூசையில் சாமியாரே இதைப் பாராட்டிப் பேசினார். பேசும்படி கங்காணிதான் இரண்டுமுறை ஞாபகப்படுத்தியிருந்தார்.

கொழுந்தெடுக்கும் பெண்களை வேலை வாங்க, வாய்க்குப் பதிலாக விசில். கொழுந்தோடு முற்றல் இலை சேர்ந்தால் ஒரு ஊதல். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால் இரண்டு. மூன்றாவது ஊதல், பறிக்கிறவளின் அம்மாவையும் இழுத்து வைகிற வசவு.

"வாயத் தொறந்து வஞ்சாகூடத் தேவலக்கா," என்றாள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த இன்பமேரி, பக்கத்து நிரைக்காரியிடம். "ரயில் கார்டுக்குக் கீழ வேல பாக்குற மாதிரில்ல இருக்கு."

ஐந்தாவது வெள்ளியன்று காலை, செவத்தியானின் பெண்டாட்டி வந்து நின்றாள். செவத்தியான் தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவன் பெயரில். பதினோரு வருடமாக அவளும் கொழுந்தெடுத்தாள். எடுத்ததெல்லாம் புருஷன் பெயரில்தான் ஏறியது. அவள் பெயர் பதிவானால் வீடு நிலைக்கும். இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமைக்குள் மலையிறங்க வேண்டும்.

"பதினோரு மணிக்குத் தொரை ஜீப்புல வாராராம், கங்காணியய்யா. இவ வேல செஞ்சவதானான்னு ஒங்களத்தான் கேப்பாராம். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருங்கய்யா."

சுவக்கீனுக்கு மனம் இளகத்தான் செய்தது. கண்ணை மூடித் திறந்தார்.

மேனேஜர் துரை வந்தார். ஜீப்பிலிருந்தே கேட்டார்: "கங்காணி, இவ நம்ம காட்டுல வேல செஞ்சவளா?"

தலையாட்டுவதும் பேச்சுக்குச் சமமோ என்று சுவக்கீனுக்கு அப்போதுதான் தோன்றியது. சாமியாரிடம் கேட்டுவைக்காதது தப்பு. இத்தனை நாள் தவம் ஒரே ஆட்டலில் வீணாகிவிடக் கூடாது. விரலை உதட்டில் வைத்து, கண்களை வானத்துக்கு உயர்த்தினார்.

"தலையவாவது ஆட்டுங்கய்யா!" என்று அவள் கத்தினாள்.

பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்து விசில் ஊதிவிட்டார்.

துரை தாளில் என்னவோ கிறுக்கினார். ஜீப் கிளம்பியது.

மூன்று மணிக்குக் கோயில் மணி அடித்ததும் சுவக்கீன் ஆபீசுக்கு ஓடினார். உண்மையாகவே ஓடினார், வேட்டி முள்ளில் கிழிந்தது.

"எழுதிக்கிரும். அவ வேல செஞ்சவதான். நான் சாட்சி."

கிளார்க் ரத்தினசாமி பேனாவைத் திறந்தார். "நாலு மணிக்குத் தபால்ல பதிவு லிஸ்ட்டு போயிரும். பேரு?"

"செவத்தியான் சம்சாரம்."

"செத்தவன் பேரு எங்கிட்ட இருக்கு. அவ பேரச் சொல்லும்."

காட்டில் அவள் 'ஏ புள்ள'. கோயிலில் 'சகோதரி'. லயம் அரை மைல்தான். போய் அவளிடமே கேட்டு வரலாம். அவளிடமேயா?

"என்ன கங்காணி, மூணு மணி தாண்டிருச்சே. இன்னுமா மௌனம்?"

கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு சுவக்கீன் படியிறங்கினார். பதினோரு வருடமாகத் தன் காட்டில் கொழுந்தெடுத்தவளின் பெயர் அவருக்குத் தெரியாது.