சாண்டா எலேனா பள்ளத்தாக்கில் கேட்டது

மிட்லண்ட் விமான நிலையத்தில் சபரியை ஏற்றிக்கொண்டதிலிருந்து கயலுக்கு வாய் ஓயவில்லை. டெக்சாஸின் மேற்குக் கோடியில், ஆல்பைன் என்ற பாலைவனத்து ஊரில் அவள் டாக்டர். மூன்று வருடம் இங்கே வேலை பார்த்தாக வேண்டும் என்பது விசா நிபந்தனை. கணவன் சபரி நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் மருந்து கம்பெனி ஒன்றில் இருந்தான். இத்தனை நாளும் அவள்தான் பறந்து போய் வந்தாள். கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதுதான் அவன் முதல்முறையாக வந்திருக்கிறான்.

"நூறு மைலா ஒரு கேஸ் ஸ்டேஷன்கூட இல்லையே!" என்றான்.

"வெளிய பாருடா."

முள்குச்சிகளின் நுனியில் ஒகோட்டியோ என்ற பாலைச்செடி சிவப்பாய்ப் பூத்திருந்தது. சாயங்காலம் சிசோஸ் மலை செம்பு நிறமாகி, ஊதாவாகி, மங்கியது. மெக்சிகோ எல்லையில் ஓடும் ஆற்றோரத்து வெந்நீர் ஊற்றில் இருவரும் கால் நனைத்தார்கள். விடுமுறை நாட்களில் தனியாக வந்து, இவனுக்குக் காட்ட வேண்டும், இவனுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் சேர்த்து வைத்திருந்த இடங்கள்.

மறுநாள் சாண்டா எலேனா பள்ளத்தாக்கு. ஆற்றின் இருபுறமும் ஆயிரத்தைந்நூறு அடிக்குப் பாறைச்சுவர், இடப்பக்கம் மெக்சிகோ. எங்கோ மேலிருந்து ஒரு சின்னப் பறவையின் குரல் படிப்படியாய் இறங்கி வந்தது.

"ஹாஸ்பிடல்ல இன்னும் இருக்கச் சொல்றாங்க. இங்கயே இருந்துடலாமா, சபரி?"



"அழகாத்தான் இருக்கு. ஆனா இங்க நான் என்ன வேலை செய்வேன், கயல்? அங்க தினம் காலி வீட்டுக்குத் திரும்பறதும் இனிமே முடியாது."

அவன் கெஞ்சியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். உள்ளதைச் சொல்லிவிட்டதால், ஹாஸ்பிடலுக்கு வேண்டாமென்று சொல்லிவிட முடிவு செய்தாள்.

ஏப்ரல் கடைசியில் பிளெய்ன்ஸ்பரோ போய்ச் சேர்ந்தாள். நல்ல வேலை கிடைத்தது, சபரியும் பக்கத்தில் இருந்தான். ஆனால் அபார்ட்மெண்ட்டைச் சுற்றி எங்கும் மரம். வானம் தரையைத் தொடும் இடத்தைத் தேடித் தேடி, வேலைக்குப் போகையில் பக்கத்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலைய பிளாட்பாரத்தில் தண்டவாளம் நீளும் திசையில் நின்றுவிடுவாள். ஒருமுறை ரயிலைக்கூட விட்டாள்.

ஜூனில் ஒருநாள் சபரி டிபன் தட்டை வைத்துவிட்டு, "அக்டோபர்ல லீவு போட்டுருக்கேன். உன் பாலைவனத்துக்குப் போலாம். ஒரு வாரம்," என்றான்.

"ஒரு வாரமா," என்றாள் கயல். அழுகை வந்தது. அந்த ஏழு நாளையும் எங்கெங்கே செலவழிப்பது என்று மனம் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.